வேலுவுக்குச் சொல்லிக் கொடுத்த பதில்

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த மூன்றாம் வருஷம், பாலர் வகுப்பு ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று எங்களை ஜார்ஜ் டவுனுக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளை அடிக்காமல் வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் பாடம். முதல் நாளே வாசலில் விஸ்வலிங்கம் மாஸ்டருக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு அவர் குனிந்த குனிவு போதவில்லையாம். சிவந்த கன்னத்தோடு மாஸ்டர் உள்ளே வந்து உட்கார்ந்தார். பயிற்சி கொடுக்க வந்தவர் எழுந்து, சிறு பிள்ளைகள் மேல் கை வைப்பது பெரும் பாவம் என்று ஆரம்பித்தார்.

மாஸ்டர் என் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார்.

“பிள்ளை, எங்களை அடிச்சுப்போட்டு, பிள்ளையளை அடிக்காதையுங்கோ எண்டு சொல்லுறாங்கள். நான் இப்ப ஆரைப் பார்த்துப் பழகிறது?”

எனக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் எதுதான் தெரிந்தது? கடிகாரத்தைக்கூடத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். விடிவதற்கு முன்பே பள்ளிக்கூட மணி அடித்தது. பாதித் தூக்கத்தில் வரும் பிள்ளைகளுக்குக் காலை வணக்கம் சொல்வதா, போய்ப் படுங்கள் என்று சொல்வதா என்று நானே தினமும் தடுமாறினேன்.

பயிற்சி கொடுத்தவர் பெயர் ஹயாமா. சென்செய் என்று கூப்பிட வேண்டும். அவர்கள் பாஷையில் ஆசிரியர் என்று அர்த்தம். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. மலாயைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவர். நாங்கள் பசாரில் கத்திரிக்காய் பேரம் பேசப் பழகிய மலாயில் அவருக்குப் பதில் சொன்னோம். திடீரென்று தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, பிள்ளையிடம் பேசும்போது பிள்ளையின் உயரத்துக்கு வந்துவிடுங்கள் என்றார். கிளார்க்கு குடும்பத்துப் பெண்கள் நாங்கள், சேலையைச் சுருட்டிக்கொண்டு அவர் எதிரே மண்டிபோட்டோம். பாதிப் பேருக்கு எழுந்திருக்க ஆள் துணை வேண்டியிருந்தது.

மறுநாள் எல்லோரும் ரோத்தானைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னார். என்னுடையது நல்ல பிரம்பு, பல வருஷமாக எண்ணெய் தடவி வைத்திருந்தேன். பிள்ளையைச் சேர்க்க வரும் எந்தத் தாயும், “கண்ண மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிருங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போகும் ஊரில், கையில் பிரம்பு இல்லாத ஆசிரியை என்ன ஆசிரியை? எங்கள் பிரம்புகளை எல்லாம் குவித்து வைத்து மரவள்ளிக்கிழங்கு அவிக்க விறகாக்கினார்கள். கிழங்கை எங்களுக்கே கொடுத்தார்கள். சாப்பிடுவதா அழுவதா என்று தெரியாமல் சாப்பிட்டோம்.

ஆனால் அந்த மனிதர் சொன்னதில் ஏதோ இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடு என்றார். கடிக்கிற பிள்ளையை ஏன் கடித்தாய் என்று கேட்காதே, கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார். அவன் பக்கத்தில் போய் உட்கார். அவனாகச் சொல்லும்வரை காத்திரு. இதையெல்லாம் அவர் சொல்லும்போது குரல் மாறிவிடும். பின்பெஞ்சில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் எதிலும் சேராமல் உட்கார்ந்திருப்பார். அவரும் ஜப்பான்காரர்தான். கெம்பெத்தாய், அதாவது இராணுவப் போலீஸ் என்று பேசிக்கொண்டார்கள். அவர் எங்களைக் கவனிக்க வந்தாரா, சென்செய்யைக் கவனிக்க வந்தாரா என்பது கடைசிவரை யாருக்கும் விளங்கவில்லை.

என் பாலர் வகுப்பு ஜார்ஜ் டவுனை ஒட்டிய ஜெலுத்தோங்கில் ஒரு பலகைக் கொட்டகையில் நடந்தது. பள்ளியில் மரவள்ளி மாவில் சுட்ட ரொட்டி ஆளுக்கொன்று கொடுத்ததால் பிள்ளைகள் வந்தார்கள்; எனக்காக வந்தார்கள் என்று பெருமை பேச முடியாது. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் வேலு. ஐந்து வயது இருக்கும். மாட்டுவண்டி ஓட்டிய சின்னையாவின் மகன். சின்னையாவைச் சந்தையில் வைத்துப் பிடித்து, ரயில் பாதை போட என்று சயாமுக்கு ஏற்றிவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் அங்கே காலராவில் செத்துப்போனான் என்று சேதி வந்ததாக அவன் பெண்சாதி நவமணி சொன்னாள். வளையலை உடைத்தாள், பொட்டை அழித்தாள், தாலியைக் கழற்றினாள். துணிக்குப் பஞ்சம், அதனால் அவனுடைய பழைய வேட்டிகளையே இரண்டாகத் தைத்து வெள்ளைச் சேலையாகக் கட்டிக்கொண்டாள்.

வேலு கடிப்பான். “ஒங்கப்பா செத்துப்போயிட்டாரு” என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் போதும், பாய்ந்து கையைக் கடித்துவிடுவான். பிரம்பு இருந்த காலத்தில் நானும் என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன், கடி நிற்கவில்லை. பிரம்பு போனபிறகு, சரி, இந்த ஜப்பான் வைத்தியத்தையும் பார்த்துவிடுவோம் என்று அவன் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. பல நாள் கழித்து ஒரு காலையில் அவனாகவே என் காதருகே வந்து, “அப்பா சாவல டீச்சர். வீட்ல மேல இருக்காரு” என்றான்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாவம், பிள்ளை மனசு இன்னும் ஏற்கவில்லை, செத்தவன் மேலே பரணில் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். பள்ளியில் கொடுக்கும் ரொட்டியில் பாதியை அவன் தினமும் இலையில் மடித்துக் கொண்டுபோனான். யாருக்கு என்று கேட்டால், அப்பாவுக்கு என்பான்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “வேலு, அப்பா எங்கே?” என்று மெதுவாகக் கேட்பேன். “அப்பா சாமிகிட்ட போயிட்டாரு” என்று அவன் சொல்ல வேண்டும். முதலில் என் கையையே கடித்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சொன்னால் அன்று முழுவதும் என் பக்கத்தில் உட்காரலாம் என்று ஆசை காட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லத் தொடங்கினான். கடிப்பதும் நின்றது. ஒரு பிள்ளையை அடிக்காமல் திருத்திவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கர்வத்தோடுதான் அடுத்த பயிற்சிக்குப் போனேன். வகுப்பில் நடந்த ஒரு விஷயத்தை ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள் என்றார் சென்செய். என் முறை வந்தபோது எழுந்து வேலுவின் கதையை முழுக்கச் சொன்னேன். செத்துப்போன அப்பா வீட்டில் இருப்பதாக அவன் நம்பியது, நான் அவனை மெல்ல மெல்லத் தெளிய வைத்தது எல்லாம். ஆனாலும் அந்தப் பாதி ரொட்டியை மட்டும் விடமாட்டேன் என்கிறான், அதற்கு என்ன வழி என்று கேட்டேன்.

அந்தப் பையன் வேறு விஷயங்களில் பொய் சொல்வானா என்று கேட்டார் சென்செய். இல்லை, பொய்யே வராது, அதுதான் ஆச்சரியம் என்றேன். அப்படியானால் அவன் தாயை நம்பிவிட்டு அவனை நம்பாமல் போனது ஏன் என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனிதருக்கு எங்கள் வழக்கம் எங்கே தெரியும்? என் தாலிக் கொடியைத் தொட்டுக் காட்டினேன். மற்ற நகையெல்லாம் கிணற்றடியில் புதைந்து கிடந்தன. இதையும் கழற்றிப் புதைத்துவிடு, சிப்பாய்கள் கண்ணில் படும் என்று என் வீட்டுக்காரரே கெஞ்சினார், கேட்கவில்லை. புருஷன் உயிரோடு இருக்கும்போது எங்கள் பெண் எவளும் இதைக் கழற்ற மாட்டாள் என்றேன். நவமணி கழற்றிவிட்டாள். ஆகவே சின்னையா செத்துவிட்டான். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? சுற்றியிருந்த தமிழ் ஆசிரியைகள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

சென்செய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் பேசும் அதே மிருதுவான குரலில், “கழற்றினால்தான் அவன் உயிரோடு இருப்பான் என்றால்?” என்று மலாயில் கேட்டார்.

பின்பெஞ்சில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் தலையைத் தூக்கினார். சயாமிலிருந்து தப்பி ஓடிவந்தவர்களைப் பிடித்தால் என்ன செய்வார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஒளித்து வைத்தவர்களுக்கும் அதே கதிதான். ஐந்து வயதுப் பிள்ளை என் காதில் மட்டும் சொன்னதை நான் சபையில் எழுந்து நின்று, பெயரோடு, பெருமையோடு சொல்லி முடித்திருந்தேன்.

நாளைக்கு உங்கள் வகுப்புக்கு வருகிறேன், அந்தப் பையனைப் பார்க்க வேண்டும் என்றார் சென்செய். ஆசிரியராக வருகிறாரா, வேறு எதுவாகவாவது வருகிறாரா? முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை.

மத்தியானமே நவமணியின் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக்குக் கொத்திக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று குழம்பியதில் பாதி ஜெலுத்தோங்கைச் சுற்றிவிட்டேன். அவன் உண்மையிலேயே செத்திருந்தால், புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய் அவன் இருக்கிறானா என்று கேட்பது எவ்வளவு பெரிய பாவம். உயிரோடு இருந்தால், நான் வந்து நிற்பதே ஆபத்து. கடைசியில் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

“நவமணி, நாளைக்கு ஜப்பான்காரர் வகுப்புக்கு வாறார். வேலுவைப் பார்க்க வேணுமாம்.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. மடியில் கனமில்லாதவள் ஏன் என்றுதானே முதலில் கேட்பாள்? மண்வெட்டியைக் கீழே போட்டாள். வெள்ளைச் சேலையில் கையைத் துடைத்தாள்.

“நீங்க சொல்லிக் குடுத்தத அவன் நாளைக்கும் சொல்லுவானா டீச்சர்?” என்றாள்.

அவ்வளவுதான். வேறு எதுவும் தேவைப்படவில்லை. என் கண் தன்னால் வீட்டுப் பக்கம் போயிற்று. உள்ளே பரணில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் இருந்த கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவளும் உட்கார்ந்தாள். யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று வேலுவுக்குச் சூடு போடாத குறையாகச் சொல்லி வைத்திருந்தாளாம். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அதனால் சொல்லிவிட்டேன் என்று ஒரு நாள் வந்து அழுதானாம். அன்றைக்கு அவள் உயிர் பாதி போய்விட்டதாம். மறுநாளே, அப்பா சாமியிடம் போய்விட்டார் என்று சொல்லப் பழக்குகிறார்கள் என்று வந்து சொல்லியிருக்கிறான்.

“நீங்க எல்லாம் தெரிஞ்சிகிட்டுதான் எங்களுக்கு ஒத்தாச பண்றீங்கன்னு நெனச்சேன் லா டீச்சர். சாமி மாதிரி வந்தீங்கன்னு அவரும் சொன்னாரு.”

எனக்கு ஒன்றுமே தெரியாது, உன் கழுத்தைப் பார்த்து ஏமாந்த முட்டாள் நான் என்று சொல்லவா? அவளே என் கொடியைப் பார்த்தாள். கழற்றின அன்றைக்கு மேலே இருந்து அவர் விம்மின சத்தம் கேட்டது என்று மட்டும் சொன்னாள். வேலுவை நாளைக்கு அனுப்பாமல் இருந்தால்தான் சந்தேகம் வரும், அனுப்பிவிடுகிறேன் என்றாள்.

மறுநாள் இருட்டில் வாசலில் நின்று ஒவ்வொரு கையாகப் பிடித்து உள்ளே அனுப்பினேன். வேலு வந்தான். கையைப் பிடித்தேன், வாய் வரவில்லை. நேற்றுவரை அதை உண்மை என்று நினைத்துச் சொல்லிக் கொடுத்தேன். இன்றைக்கு அது பொய் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பிள்ளையைப் பொய் சொல்ல வைக்காதே என்பதும் சென்செய் சொன்ன பாடம்தான். பிள்ளையின் அப்பனைக் காட்டிக் கொடுக்காதே என்று அவர் ஏதும் பாடம் நடத்தவில்லையே.

“இன்னைக்கி கேக்கலையா டீச்சர்?” என்றான் வேலு.

கேட்டேன். சொன்னான். தலையைத் தடவி உள்ளே அனுப்பினேன்.

சென்செய் வந்தார், கூடவே வெள்ளைச் சட்டைக்காரரும் வந்தார். சென்செய் பிள்ளைகளுக்குக் கை தட்டி ஒரு பாட்டு சொல்லிக் கொடுத்தார். ரொட்டி வந்தது. அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு வேலுவின் எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்தார். பெயர் கேட்டார், வயது கேட்டார். ஜெலுத்தோங் பிள்ளைகளுக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு, வேலு டக்கு டக்கென்று சொன்னான். பிறகு, உன் அப்பா எங்கே என்று கேட்டார்.

வேலு என்னைப் பார்த்தான். நான் என்ன செய்வேன்? வாசலில் தினமும் சிரிப்பது போலச் சிரித்தேன். பிள்ளை அந்த முகத்தைத்தான் தேடியிருக்கிறான்.

“சூடா மாத்தி,” என்றான். செத்துப்போனார் என்பதை அவன் மலாயில் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. அழவில்லை, தடுமாறவில்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர் நடந்து வந்து, வேலுவின் மடியில் இருந்த இலைப்பொட்டலத்தைக் காலால் தொட்டு, இது யாருக்கு என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. பொய் வராத பிள்ளை நிமிர்ந்து பார்த்து, அப்பாவுக்கு என்று சொல்லிவிட்டான்.

வெள்ளைச் சட்டைக்காரர் சென்செய்யைப் பார்த்தார். சென்செய் அவசரமே படாமல் தன் ரொட்டியைப் பாதியாகப் பிட்டார். ஒரு பாதியை வேலுவின் இலையில் வைத்து மடித்தார். தன் வீட்டிலும் அம்மா தினமும் முதல் சோற்றை, செத்துப்போன அப்பாவுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போடுவாள் என்று மலாயில் சொன்னார். பிறகு அதையே தங்கள் பாஷையில் வெள்ளைச் சட்டைக்காரருக்கும் சொன்னார் போலிருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொன்னார். அந்த ஆள் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சட்டென்று அந்தப் பொட்டலத்துக்குத் தலை குனிந்துவிட்டு வெளியே போனார்.

சென்செய் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். “இந்தப் பிள்ளை உங்களை முழுசாக நம்புகிறான். இனிமேல் அவனிடம் எதுவும் கேட்காதீர்கள்,” என்றார். நான் குனிந்தேன். அவரும் குனிந்தார். யார் முதலில் நிமிர வேண்டும் என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

அந்த மனிதருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்து காப்பாற்றினாரா, செத்தவனுக்குப் படைக்கும் பிள்ளை என்று உண்மையிலேயே நம்பினாரா? நாங்களும் படைப்பவர்கள்தானே, எனக்கு ஏன் அந்தப் பேச்சு அந்த நேரத்தில் வரவில்லை? விஸ்வலிங்கம் மாஸ்டரிடம் கேட்டேன். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, ஜப்பான்காரனில் நல்லவனும் உண்டு என்று இப்போது என்னைக் குழப்பாதே என்றார். பயிற்சி முடிந்ததும் சென்செய்யை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். உயர்த்தி அனுப்பினார்களா, தண்டித்து அனுப்பினார்களா என்பதும் தெரியாது.

நான் வேலுவிடம் எதுவும் கேட்பதை நிறுத்தினேன். அவனோ நிறுத்தவில்லை. வாசலில் கையைப் பிடித்ததும், கேட்காமலே, அப்பா சாமிகிட்ட போயிட்டாரு என்று சொல்லிவிட்டு உள்ளே போவான். எனக்கு அது பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டான். வேண்டாம் என்று தடுக்க எனக்குப் பயம். நாளைக்கு மறுபடி யாராவது வந்து கேட்டால்? அதனால் ஒவ்வொரு நாளும் தலையாட்டினேன். ஒரு வருஷம் அப்படியே போயிற்று. அவனுக்கு இரண்டு பல் விழுந்து முளைத்தன, ஜப்பான் பாட்டுகள் எல்லாம் பாடம் செய்தான், எவன் அப்பாவைப் பற்றிப் பேசினாலும் கோபப்படாமல் இருந்தான். ஊரில் எல்லோரும் நல்ல பிள்ளை என்றார்கள்.

ஜப்பான் சரணடைந்து, வெள்ளைக்காரன் கப்பல் வந்த வாரம், ஒரு காலையில் நன்றாக விடிந்த பிறகு பள்ளிக்கூடம் திறந்தோம். நவமணி வாசலில் வந்து நின்றாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. பக்கத்தில் வெளுத்துப்போன ஒரு மனிதர், வெயில் தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பகலில் தெருவில் நடந்து ஒன்றரை வருஷமாகியிருந்தது அவருக்கு. மகனைப் பள்ளியிலிருந்து தானே கூட்டிப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்திருக்கிறார்.

நான் வேலுவைக் கூப்பிட்டேன். ஓடி வந்தவன் அவரைப் பார்த்ததும் நின்றான். வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வேலு திரும்பி அவர்களைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

“டீச்சர், இப்ப என்ன சொல்லணும்?” என்றான் மெதுவாக.

அவன் உயரத்துக்கு மண்டிபோட்டேன். அப்பா என்று சொல்லு என்றேன். சத்தமாகவே சொல்லலாம் என்றேன்.

“அப்பா,” என்றான், பாடம் ஒப்பிக்கிற குரலில். ஆனால் அவர் பக்கம் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “சரியா டீச்சர்?” என்று கேட்டான்.

நீட்டிய கையோடு சின்னையாவும் என் பதிலுக்குத்தான் காத்துக்கொண்டு நின்றார்.